இயற்பிய மூப்பு: சொல் விளக்கம்

பிளாஸ்டிக் நாளாக ஆக நொறுங்கினால் வெயிலின் மேலும் காற்றின் மேலும்தான் பழி போடுவோம். பிளாஸ்டிக்கை ஆக்கும் பலபடிகளின் (பாலிமர்) நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளை அவை அறுக்கின்றன. அது வேதி மூப்பு. வெயிலும் காற்றும் படாமல் பூட்டி வைத்தாலும் வருகிற மூப்பு இன்னொன்று. அதில் ஒரு பிணைப்புகூட அறுவதில்லை. ஆங்கிலத்தில் ‘ஃபிசிக்கல் ஏஜிங்’ என்பது இதைத்தான்.

உருகிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் குளிர்வித்தால் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் கண்ணாடிநிலைக்குப் போகிறது, அதாவது சங்கிலிகள் ஒழுங்கின்றிக் கிடந்தபடியே கெட்டியாகிறது. பாலிகார்பனேட் 150-ஐ நெருங்கும்போதே உறைந்துவிடும். சங்கிலிகள் செறிந்து அடங்க நேரமில்லாமல் உறைவதால் இடையிடையே வெற்றிடம் மிஞ்சுகிறது. உறைந்த பிறகும் அவை மெல்ல அசைந்து நெருங்குகின்றன. அடர்த்தி துளி கூடும், பொருள் விறைக்கும், அடி தாங்கும் திறன் குறைந்து எளிதில் உடையும். நெருங்க நெருங்க அசைய இடமில்லை. ஆகவே இந்த மூப்பு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

அந்த ஆங்கிலச் சொல் நிலைபெற்றது டச்சு ஆய்வாளர் ஸ்ட்ரூயிக் 1978-இல் வெளியிட்ட நூலால். அவர் பிவிசியை 90 டிகிரியிலிருந்து 20-க்குச் சட்டெனக் குளிர்வித்து, ஆண்டுக்கணக்கில் அதே வெப்பநிலையில் வைத்து, அவ்வப்போது சுமையேற்றி நீட்சியை அளந்தார். வயது பத்து மடங்கானால் நீளவும் ஏறக்குறையப் பத்து மடங்கு காலம் பிடித்தது. கண்ணாடிநிலை வெப்பநிலையிலிருந்து கீழே போகப் போக அசைவு மந்தமாகும். பக்கக்கிளைகள் போன்ற சிறு துணுக்குகளின் அசைவும் உறையும் கடுங்குளிரில் மூப்பு நின்றே போகும் என்றார் அவர். அதற்குக் கீழும் மிக மெல்லத் தொடர்வதைப் பிற்கால அளவீடுகள் காட்டின.

தமிழில் ‘முதிர்ச்சி’ என்று எழுதுவோர் உண்டு. எனக்கு ஒப்பவில்லை, முதிர்ச்சி என்றால் பக்குவம், இங்கே நடப்பது தளர்ச்சி. மூத்தல் என்ற வினையிலிருந்து வந்த ‘மூப்பு’ பொருந்துகிறது. முன்னொட்டுக்கு ‘இயற்பியல்’ வேண்டாம், அது துறையின் பெயர். ‘இயற்பிய’ என்ற பெயரடையே போதும். இலங்கை வழக்கில் ‘பௌதிக மூப்பு’ என்றாலும் புரியும்.

ஒரே இடத்தில் சொல் இடிக்கிறது. மூத்த பலபடியைக் கண்ணாடிநிலை வெப்பநிலைக்கு மேல் சூடாக்கிக் குளிர்வித்தால் மூப்பு முழுக்க அழிந்து, கணக்கு முதலிலிருந்து தொடங்கும். மனித மூப்புக்கு அந்த வசதி இல்லை. இந்த மீட்சியை ‘மூப்பு நீக்கம்’ எனலாம்.