ஒருமுறைப் பாவனைக் கலன்

கலங்களை, அதாவது உயிரணுக்களை, வளர்ப்பதற்கென்று கிருமி நீக்கிப் பொதிசெய்து வரும், ஒரு வளர்ப்பு முடிந்ததும் கழிக்கப்படும் பிளாஸ்ரிக் குடுவை, பை முதலியவற்றின் பொதுப்பெயர் இது. மருந்துப் புரதமும் தடுப்பூசியும் செய்யும் ஆலைகளில் 'சிங்கிள் யூஸ்' என்பார்கள்.

'பாவனை' வடமொழி பாவனாவிலிருந்து வந்தது. தமிழகத்தில் நடிப்பு, பாசாங்கு என்ற பொருளே முந்தி நிற்கும். யாழ்ப்பாணத்தில் பாவிப்பது என்றால் பயன்படுத்துவதுதான். 'கலன்' என்பதில்தான் கவனம் வேண்டும். நமது பாடநூல்களில் 'செல்' என்பதற்குக் கலம் என்றே பெயர். 1665 இல் றொபேட் ஹூக் தக்கையில் கண்ட சிற்றறைகளுக்கு இட்ட பெயரின் தமிழ் அது. பழந்தமிழில் கலம் பாத்திரம், மரக்கலம், அணிகலம். 'கலங்களை வளர்க்கும் கலம்' என்று எழுதினால் மாணவர் திண்டாடுவர். நிலம் நிலன் ஆவதுபோலக் கடைப்போலியாக வரும் 'கலன்' பாத்திரத்துக்கு இருக்கட்டும். 'சிங்கிள் யூஸ்' என்பதற்குக் 'கழிபொருள்' என்ற பெயர்ப்பு போதாது. சோற்றைச் சுற்றும் தாளும் கழிபொருள்தான். இங்கே முக்கியம், கழுவும் வேலையும் கழுவியது சுத்தமென்று நிரூபிக்கும் வேலையும் இல்லாமற் போவது. துருவேறா உருக்குத் தாங்கியில் இவை இரண்டும் தவிர்க்க முடியாதவை.

கழுவாத கலனில் பிளாஸ்ரிக்கே ஊடகத்தோடு, அதாவது கலங்கள் வளரும் ஊட்டக் கரைசலோடு, நேரே பேசும். ஆகவே கலத்தின் இயல்பை முதலில் பாருங்கள். ஒட்டி வளரும் கலமென்றால் பரப்புப் பதப்படுத்திய பொலிஸ்ரைரீன் குடுவை வேண்டும். பதப்படுத்தாத பொலிஸ்ரைரீன் நீரை விலக்கும். கலங்கள் பற்றாமல் உருண்டு மிதக்கும். 75 சதுர சென்ரிமீற்றர்க் குடுவைக்கு 15 முதல் 20 மில்லிலீற்றர் ஊடகம் போதும். குடுவையை ஓட்டோகிளேவில் (அமுக்க நீராவியால் கிருமி நீக்கும் கருவியில்) வைக்கவே கூடாது: 100 பாகை செல்சியசை அண்டியே பொலிஸ்ரைரீன் இளகிவிடும், அங்கோ 121 பாகை. மூடியில் 0.2 மைக்ரோமீற்றர் வடிமென்சவ்வு இருந்தால் குடுவையைச் சரித்து நனைத்துவிடாதீர்கள். நனைந்தால், ஊடகத்தின் காரத்தன்மையைக் குறைத்து அதன் நிறத்தை மாற்றும் காபனீரொட்சைட்டு உள்ளே போகாது. புதிதாக ஊற்றிய ஊடகம் அடைகாப்பியில் பல மணி நேரம் நின்றும் ஊதா நிறம் மாறாவிட்டால் மூடியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மிதந்து வளரும் சீன வெள்ளெலிச் சூலகக் கலங்களுக்கு ஆலைகள் 2000 லீற்றர் வரையிலும் பைகளையே பாவிக்கின்றன. சொப்பிங் பாக்கை நினைக்க வேண்டாம். ஊடகத்தைத் தொடும் பொலித்தீன் படை, வாயுவைத் தடுக்கும் படை, வலிமைக்கு வெளிப்புறப் படை என்று பல படைகள் சேர்ந்த தாள் அது. காமாக் கதிரால், பெரும்பாலும் 25 கிலோகிரேக்கு (கிரே என்பது உறிஞ்சப்படும் கதிரின் அலகு) மேல், கிருமி நீக்குவார்கள். பொலித்தீன் கெடாமலிருக்கச் சேர்க்கும் பொசுபைற்று வகை ஒட்சியேற்றத் தடுப்பி அந்தக் கதிரில் சிதைந்து, கலங்களின் வளர்ச்சியை முடக்கும் ஒரு சேர்வையைத் தருவது 2013 இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. பை முழுதாக இருக்கும், கிருமியும் இராது, வளர்ச்சி மட்டும் நின்றுபோகும். ஆகவே வழங்குநரிடம் கரைந்து வெளியேறும் சேர்வைகளின் தரவைக் கேட்டு வாங்குங்கள். புதிய தொகுதிப் பை வந்தால் ஊடகத்தை அதில் 37 பாகையில் சில நாள் வைத்து, பிறகு அதே ஊடகத்தில் கலங்களை வளர்த்து, கண்ணாடிப் போத்தலில் வைத்த ஊடகத்தோடு ஒப்பிடுங்கள். சிறிய பையில் கனவளவுக்குப் பரப்பு அதிகம் என்பதால் குற்றம் அங்கேதான் முந்தித் தெரியும்.

பொதியைக் கத்தியால் கிழிப்பதும் மடிப்பை இழுத்து விரிப்பதும் ஊசித்துளையில் கொண்டுபோய் விடும். ஊடகம் ஊற்றுமுன் வடித்த வளியால் ஊதி, அமுக்கம் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். இறங்கினால் அந்தப் பையை ஒட்டிச் சரிப்படுத்தப் பார்க்காமல் ஒதுக்கிவிடுங்கள்.