உயர்தரத்தில் சங்கீதம்: குரல் மட்டும் போதாது

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் சங்கீதத்துக்கு நல்ல பெறுபேறு, வீட்டில் எல்லோரும் குரலை மெச்சுகிறார்கள், ஆகவே உயர்தரக் கலைப் பிரிவிலும் அதையே எடுக்கலாம் என்று முடிவெடுக்கும் பிள்ளைகள் திருகோணமலையில் நிறையப் பேர். முடிவில் பிழையில்லை. பாடத்தைக் குரலால் மட்டும் தாண்டிவிடலாம் என்ற நம்பிக்கைதான் பிழை. செயன்முறைப் பரீட்சையில் தலைநிமிர்ந்து வரும் பிள்ளை எழுத்து வினாத்தாளில் சறுக்கி, அனுமதிக்குப் பார்க்கப்படும் இசட் புள்ளி இறங்கி, பல்கலைக்கழக வாய்ப்பை இழப்பதற்கு இதுவே முதற் காரணம்.

முதலில் சுருதி, அதாவது பாடுவதற்கு ஆதாரமான ஸட்ஜத்தின் உயரம். அதைக் கட்டை என்ற அளவால் சொல்வோம். ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடைந்த பிறகும் பழைய கட்டையிலேயே பாடவைப்பது இங்கே வழமையாகிவிட்டது. பெண் பிள்ளைகள் பெரும்பாலும் நாலரைக்கும் ஆறுக்கும் இடையே, ஆண் பிள்ளைகள் ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே நிற்பார்கள். ஆனால் பிள்ளையின் குரலே தீர்மானிக்க வேண்டும். மந்திர (கீழ் ஸ்தாயி) பஞ்சமம் காற்றாகிப் போகாமல் கேட்கிறதா, தார (மேல் ஸ்தாயி) காந்தாரத்தில் கழுத்து நரம்பு புடைக்காமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் அதுதான் கட்டை. தொலைபேசியில் சுருதி வைப்பவர்கள் இந்தோளம், ஸ்ரீரஞ்சனி போன்ற பஞ்சமம் இல்லாத ராகங்களுக்கு மத்திமச் சுருதிக்கு மாற்ற மறக்கக்கூடாது. பஞ்சமம் ஒலித்துக்கொண்டிருந்தால் மத்திமம் தன்னையறியாமல் அசையும்.

எழுத்துப் பகுதியில் தமிழ்மொழி மூலப் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது கடபயாதியில், அதாவது மேளகர்த்தா என்ற தாய் ராகத்தின் பெயரிலுள்ள முதல் இரண்டு எழுத்துகளிலிருந்து அதன் வரிசை எண்ணைக் கண்டுபிடிக்கும் முறையில். வாய்ப்பாடு வடமொழி எழுத்துகளுக்கானது. அங்கே ககரம், தகரம் ஒவ்வொன்றும் நான்கு, தமிழில் ஒன்றே. கீரவாணியையும் கரகரப்பிரியாவையும் எடுங்கள். எழுத்தைப் பார்த்தால் இரண்டும் க, ர. க 1, ர 2, திருப்பினால் 21. கீரவாணிக்கு அது சரியான மேள எண். கரகரப்பிரியாவின் முதலெழுத்தோ இரண்டாவது ககரம், அதற்கு எண் 2. ஆகவே மேளம் 22. தீரசங்கராபரணத்தில் வருவது நான்காவது தகரம், எண் 9, ர 2, திருப்பினால் 29. சாதாரணத் தகரமென்று 6 போட்டால் 26 வரும், அதற்குப் பின் எழுதும் ஸ்வரங்கள் அத்தனையும் பிழை. மேளகர்த்தாப் பெயர்களைக் கொப்பியில் எழுதும்போதே முதல் இரண்டு எழுத்துகளின் மேல் க1, க2, த4 என்று அது எத்தனையாவது ககரம், தகரம் என்ற வர்க்க எண்ணைக் குறித்துப் பழகினால் இந்தக் குழப்பம் வராது.

எண் கிடைத்த பிறகு ஸ்வரத்தை மனப்பாடத்தில் தேட வேண்டியதில்லை. 22 ஐ ஆறாறாகப் பிரித்தால் மூன்று சக்கரம் (ஆறு மேளம் கொண்ட தொகுதி) முடிந்து நான்காவது சக்கரத்தின் நான்காவது மேளம். நான்காவது சக்கரம் என்றால் சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம். அதற்குள் நான்காவது மேளம் என்றால் சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். 36 க்குள் இருப்பதால் சுத்த மத்திமம். இவ்வளவுதான்.

பாடலை ஸ்வரமும் தாளமுமாக எழுதும் ஸ்வரதாளக் குறிப்பில் புள்ளி போவது இசையறிவு குறைவால் அல்ல, எண்ணிப் பார்க்காததால். அட்சரத்துக்கு நான்கு ஸ்வரம் வீதம் எழுதினால் ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு (எட்டு அட்சரம் கொண்ட ஒரு சுற்றுக்கு) 32 இடம்: லகுவில் 16, திருதங்களில் எட்டு எட்டு. 31 வந்தால் எங்கோ ஒரு கார்வை (ஸ்வரத்தின் நீட்சி) விடுபட்டிருக்கிறது. அரை இடத்தில் எடுப்பு உள்ள, அதாவது தாளம் தொடங்கி அரை அட்சரம் கழித்துப் பாடல் தொடங்கும் உருப்படிக்கு முதல் இரண்டு இடங்களையும் அரைப்புள்ளியால் காட்ட வேண்டும். பாடும்போது சரியாக எடுக்கும் பிள்ளைகளே எழுதும்போது சமத்தில் (தாளத்தின் தொடக்கத்திலேயே) தொடங்கிவிடுகிறார்கள். கிழமைக்கு ஒரு கீர்த்தனையின் பல்லவியையாவது, கொப்பியைப் பார்க்காமல், கையால் தாளம் போட்டபடி எழுதிப் பழகுங்கள்.

ராக லட்சணத்தில் ஆரோகண அவரோகணத்துடன் நிறுத்துவது இன்னொரு இழப்பு. பைரவி என்றால் 20 ஆவது மேளத்தின் ஜன்யம் (அதிலிருந்து பிறந்த ராகம்), ஏறும்போது சதுஸ்ருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம் என்பதோடு ராகத்துக்கு உயிர் தரும் ஜீவஸ்வரங்களும், அதைக் காட்டும் ஸ்வரத் தொடர்களான ஓரிரு சஞ்சாரங்களும் இருந்தால்தான் விடை முழுமை.

அந்த இடத்திலேயே ஸ்வரங்களைக் கற்பனை செய்து பாடும் கற்பனாஸ்வரத்துக்குப் பயப்படுகிறார்கள். அரை ஆவர்த்தனத்தில் தொடங்குங்கள். திரும்ப வந்து சேரும் எடுப்பு ஸட்ஜத்தில் என்றால் கடைசி ஸ்வரம் நிஷாதமாகவோ ரிஷபமாகவோ இருக்கட்டும். தூரத்திலிருந்து தாவி விழுந்தால் சுருதியும் தாளமும் சேர்ந்தே தவறும்.

தேவாரங்களைப் பண்ணோடு பாடும் பண்ணிசைப் பகுதியில் எங்கள் ஊருக்கு ஒரு பேறு இருக்கிறது. சம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகம் புறநீர்மைப் பண். இன்று பூபாளத்தில் பாடப்படுகிறது. இதையே பாடிப் படித்தால் பண்–ராகப் பட்டியலின் ஒரு வரியாவது மறக்கவே மறக்காது. இங்கே இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்த சுவாமி விபுலானந்தர் 1947 இல் வெளியிட்ட யாழ் நூல் பள்ளி மாணவருக்குக் கனமானதுதான். ஆனாலும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு ஸ்வரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களையும் சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் தமிழ்ப் பாடத்தோடு சேர்த்துப் படிப்பது பெரிய உதவி. சங்கீதத்தோடு தமிழையும் சேர்த்து எடுக்கும்படி நாங்கள் விரும்பிப் பரிந்துரைப்பதும் இதனால்தான்.

வீணை எடுத்தவர்கள் தகரக் கூரைக்குக் கீழே வாத்தியத்தை வைக்க வேண்டாம். 24 மெட்டுகளும் மெழுகில் நிற்கின்றன. எங்கள் ஊர் வெயிலில் மெழுகு இளகினால் மெட்டு நகர்ந்து சுருதி கெடும். கடல் காற்றில் கம்பியும் விரைவில் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

பட்டப்படிப்புக்கு மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும், மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறையும் உண்டு. உயர்தரப் பெறுபேற்றுடன் உளச்சார்புப் பரீட்சையிலும் தேற வேண்டும். அது பெறுபேறு வந்த பிறகுதான் நடக்கும். எழுத்துப் பரீட்சை முடிந்த கையோடு சாதகத்தை (அன்றாடப் பயிற்சியை) நிறுத்தும் பிள்ளைகளுக்கு அதற்குள் தொண்டை இறுகிவிடுகிறது. விண்ணப்பம் கோரும் வரை காத்திராமல் நாளுக்கு அரை மணி நேரமாவது மூன்று காலத்திலும் (வேகத்திலும்) வர்ணம் பாடிக்கொண்டிருங்கள்.