ஸ்டாக்கிங்ஸ் போடும் முன் கால் நாடியைப் பாருங்கள்

கால் வலி என்று வருபவர்களில் பலர் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸோ எலாஸ்டிக் கட்டோ போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். தெரிந்தவர் யாருக்கோ அது நன்றாகக் கேட்டிருக்கும். ஒரு சாராருக்கு அது சரியான வைத்தியம்தான். இன்னொரு சாராருக்கு அதுவே காலை இழக்கக் காரணமாகிவிடலாம்.

காலுக்கு ரத்தம் கொண்டுவருவது தமனி. அதைத் திரும்ப இதயத்துக்கு எடுத்துப்போவது சிரை. இரண்டில் எது கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து வைத்தியம் தலைகீழாக மாறும்.

தமனியில் கொழுப்புப் படிந்து அடைப்பு வந்தவருக்குக் கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும். சில நிமிடம் நின்றால் விட்டுவிடும். மறுபடி நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் திரும்பவும் பிடிக்கும். பலர் இதை வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டு நடையைக் குறைத்துக்கொள்கிறார்கள். வலியும் நின்றுவிடும், ஆனால் அடைப்பு உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். அடுத்த கட்டத்தில், ராத்திரி படுத்தால் விரல்களும் முன்பாதமும் வலிக்கும், காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டால்தான் குறையும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குபவர்கள் உண்டு. அந்த நிலைக்கு வந்தவர் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரை நோயில் நரம்பு மரத்துப்போயிருந்தால் வலியே தெரியாமல், ஆறாத விரல் புண்தான் முதல் அறிகுறியாக வரும்.

தமனி அடைத்தவர்களுக்கு முதல் மருந்து புகையிலையை அறவே விடுவது. ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்கள் வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கும் பயிற்சியை மருத்துவர் சொன்னபடி செய்தால் நடக்கும் தூரம் கூடும். காலில் அடைப்பு இருப்பவருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் மருத்துவர் கொடுத்த மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது.

சிரைக் கோளாறு வேறு மாதிரி. கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தை மேலே தள்ளுகிறது, சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அது கீழே இறங்காமல் தடுக்கின்றன. வால்வு பழுதானால் சாயங்காலம் கால் கனக்கும், வீங்கும். காலையில் வீக்கம் வடிந்திருக்கும். சிரை சுருண்டு புடைக்கும், உள் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரிக்கும், பிறகு அங்கேயே புண் வரும். இவர்களுக்குக் காலை உயர்த்தி வைப்பதும் ஸ்டாக்கிங்ஸும் நல்லது. அதையே தமனி அடைத்த காலுக்குச் செய்தால் மிச்சமிருக்கும் ரத்தமும் போய்ச் சேராது. ஒரே காலில் இரண்டு கோளாறும் சேர்ந்து இருப்பதும் உண்டு.

அதனால்தான் முதலில் பாதத்து நாடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் பரிசோதனை எளிது, ஊசி கிடையாது. கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் தமனி அடைப்பு என்று கொள்ளலாம். சர்க்கரை நோயாளிகளுக்குத் தமனி கெட்டிப்பட்டு 1.4-க்கு மேலே காட்டினால் அந்த எண்ணை நம்ப முடியாது. கால் விரலின் ரத்த அழுத்தமும், ரத்த ஓட்டத்தை ஒலி அலையால் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனும் தேவைப்படும்.

இரண்டு நிலைகளில் காத்திருக்கவே கூடாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகோ நெடுநாள் படுக்கைக்குப் பிறகோ ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். தேய்த்துவிடாதீர்கள், அன்றே காட்டுங்கள். கூடவே மூச்சு வாங்கினால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அப்புறம், திடீரென ஒரு கால் வலித்து, வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போனால் அது தமனி முற்றிலும் அடைத்த அறிகுறி. ஒத்தடம் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். தசையைக் காப்பாற்ற ஏறக்குறைய 6 மணி நேரம்தான் இருக்கும்.