சிட்னி முதல் பெர்த் வரை: ஜன்னலோரத்தில் ஒரு மழைக் கணக்கு

சிட்னியில் ஏறி பெர்த்தில் இறங்க 4,352 கிலோமீட்டர். இந்தியன் பசிபிக் ரயிலில் மூன்று இரவுகள். வழியில் ஊர்கள் குறைவு. ஜன்னலுக்கு வெளியே மாறிக்கொண்டே வருவது நிறம்தான். முதலில் பச்சை, அப்புறம் சாம்பல், பிறகு சிவப்பு, ஒரு கட்டத்தில் மரமே இல்லாத வெறும் தரை.

பச்சை சீக்கிரம் முடிந்துவிடும். சிட்னியைத் தாண்டியதும் ப்ளூ மவுண்டன்ஸ். மலை முழுக்க யூகலிப்டஸ், அதாவது நம்மூர்த் தைலமரம். (நீலகிரிக்கு அது 1840-களில் வந்ததே ஆஸ்திரேலியாவிலிருந்துதான்.) இலைகளிலிருந்து ஆவியாகும் எண்ணெய் காற்றில் நுண்துகள்களாகி நீல ஒளியைச் சிதறடிக்கிறது. மலையின் பெயருக்குக் காரணமான நீலப் புகைமூட்டம் அதுதான். பசிபிக் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைத்தொடரில் மோதி, மேலேறிக் குளிர்ந்து, கிழக்குப் பக்கமே பெய்துவிடுகிறது. சிட்னிக்கு ஆண்டுக்குச் சுமார் 1,200 மி.மீ. மழை. உள்ளே வெகுதூரம் தள்ளி இருக்கும் ப்ரோக்கன் ஹில்லுக்கு ஏறக்குறைய 250. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மழை மறைவு என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் பழி முழுவதையும் மலை மேல் போட முடியாது. அங்கே மிக உயரமான கோசியஸ்கோ சிகரமே 2,228 மீட்டர்தான். நம் தொட்டபெட்டா அதைவிட 400 மீட்டர் உசத்தி. பெரிய காரணம் வானத்தில் இருக்கிறது. நிலநடுக்கோட்டருகே சூடாகி மேலே போகும் காற்று, ஈரத்தை அங்கேயே கொட்டிவிட்டு, 30 டிகிரி அட்சரேகையை ஒட்டிக் கீழே இறங்குகிறது. இறங்க இறங்க அது சூடாகும், மேகம் கூடாது. கலஹாரிப் பாலைவனம் காய்வதும் இதனால்தான். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி அந்தக் காற்றுக்கு நேர் கீழே மாட்டிக்கொண்டிருக்கிறது.

சாம்பல் நிறத்துக்குச் சொந்தக்காரி உப்புப்புதர். முழங்கால் உயரச் செடி. இலையைத் தொட்டால் மாவு பூசினதுபோல இருக்கும். வேர் உறிஞ்சிய உப்பை இலையின் மேலுள்ள குட்டிக் குட்டிப் பைகளில் தள்ளி வைத்துக்கொள்கிறது. அந்தப் பைகளே வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளிப்பூச்சாகவும் ஆகிவிடுகின்றன. மென்றால் உப்புக் கரிக்கும். ஆடுகளுக்கு அது பிடிக்கும்.

சிவப்பு என்பது துரு. பாறையிலுள்ள இரும்பு காற்றும் ஈரமும் பட்டுத் துருப்பிடிக்கிறது. இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். இங்கே அந்தத் துருவை மூடப் புது வண்டல் கொண்டுவரும் பெரிய ஆறுகள் இல்லை, புதிதாக மலைகளும் எழவில்லை. ஆகவே மண் கிடந்து பழுத்துவிட்டது. ரயில் பாதையிலிருந்து வெகு வடக்கே, அனங்கு மக்களின் புனிதப் பாறையான உலுரு 348 மீட்டர் உயரத்துக்குச் செக்கச்செவேலென்று நிற்கிறதே, அதற்கும் சிவப்பு மேல்தோல் மட்டும்தான். உள்ளே சாம்பல் நிறம்.

அடுத்து நல்லார்பர். லத்தீனில் ‘மரமில்லை’ என்று பொருள். ஒரு காலத்தில் கடலடியாக இருந்த சுண்ணாம்புப் பாறை. பரப்பு சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர். பெய்கிற கொஞ்ச மழையும் விரிசல்கள் வழியே குகைகளுக்குள் இறங்கிவிடும். ஆறும் ஓடையும் இல்லாததால் தரையை அறுத்துப் பள்ளத்தாக்கு போட ஆளில்லை. தண்டவாளம் 478 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாமல் போகிறது. உலகிலேயே நீளமான நேர்ப்பாதை இதுதான். சலிப்பாக இருக்கும் என்பார்கள். எனக்கென்னவோ பயணத்தில் தவறவிடக்கூடாத இடமே இதுதான் என்று படுகிறது.

சமவெளி முடிந்ததும் தங்கச் சுரங்க ஊரான கல்கூர்லி. 1893-ல் அங்கே தங்கம் கிடைத்தது, தண்ணீர் கிடைக்கவில்லை. பெர்த்தை ஒட்டிய குன்றுகளிலோ குளிர்காலத்தில் நல்ல மழை. அந்த மாதங்களில் வறண்ட காற்றுப் பட்டை வடக்கே நகர்ந்துவிட, மேற்கிலிருந்து வீசும் காற்று கடலிலிருந்து மழையைக் கொண்டுவரும். அதை ஓர் அணையில் தேக்கி, 500 கிலோமீட்டருக்கும் மேல் குழாய் போட்டு, நீராவி இயந்திரங்களால் மேட்டுக்கு ஏற்றி, 1903-ல் கல்கூர்லிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நெடுஞ்சாலையோரமாக அந்தக் குழாய் இன்னும் ஓடுகிறது.