வெளிநாட்டில் இருப்பவர் ஊரில் வயல் வாங்கலாமா?

போன வருடம் தை மாதம் ஒருவர் மஞ்சப்பையில் பத்திரத்தோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். சிங்கப்பூரில் 19 வருடமாக வெல்டிங் வேலை. பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்தான். 'என்.ஆர்.ஐ.களுக்கான பண்ணை நிலம்' என்ற விளம்பரத்தைப் பார்த்து, சிவகங்கைப் பக்கம் 60 சென்ட், தென்னங்கன்றும் கம்பி வேலியுமாக வாங்கியிருந்தார். மகள் கல்யாணத்துக்காக அதை விற்கப் போனபோது, வாங்க வந்தவரின் வக்கீல் பத்திரத்தைப் புரட்டிவிட்டு, "இதை வாங்கும்போது நீங்க எங்கே இருந்தீங்க?" என்று கேட்டிருக்கிறார். பேரம் அதோடு நின்றுவிட்டது. சொத்து விவரத்தில் 'புஞ்சை', அதாவது விவசாய நிலம், என்று தெளிவாகவே இருக்கிறது. விற்றவர், எழுதியவர், பதிந்தவர் மூவரில் ஒருவர்கூட அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சட்டம் என்னவோ சின்னதுதான். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999. சுருக்கமாக ஃபெமா. அதன் கீழ் 2019-ல் வந்த விதிகளின்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்களும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களும் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) வீடு, கடை, மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு இந்த மூன்றையும் வாங்கக் கூடாது.

இது மத்திய சட்டம். விவசாயிதான் விவசாய நிலம் வாங்கலாம் என்ற மாநிலக் கட்டுப்பாடு மகாராஷ்டிரத்தில் உண்டு, இமாச்சலத்தில் உண்டு, கர்நாடகத்தில் 2020 வரை இருந்தது. தமிழ்நாட்டில் இல்லை. அதை வைத்துத்தான் புரோக்கர்கள் "நம்ம ஸ்டேட்ல யார் வேணும்னாலும் வாங்கலாம் சார்" என்கிறார்கள். அந்தப் பேச்சு இங்கேயே வசிப்பவருக்குத்தான் பொருந்தும்.

நீங்கள் எந்தக் கணக்கில் வருகிறீர்கள் என்பதிலேயே பலர் ஏமாறுகிறார்கள். வேலைக்காக விமானம் ஏறிய நாளிலிருந்தே ஃபெமா உங்களை வெளிநாட்டில் வசிப்பவராகத்தான் பார்க்கும். ஆதார், பான், ரேஷன் கார்டு எல்லாம் கையில் இருக்கலாம். இரண்டு மாத லீவில் ஊரில் உட்கார்ந்துகொண்டே பத்திரம் முடிக்கலாம். அதனால் நிலை மாறாது. வருமான வரிக்கு நாள் எண்ணுவது வேறு கணக்கு, அதை இங்கே கொண்டுவராதீர்கள். தம்பிக்குப் பவர் எழுதிக் கொடுத்து வாங்கினாலும், பத்திரத்தில் வாங்குபவர் நீங்கள்தான்.

பதிவு அலுவலகத்தை நம்பியும் இருந்துவிடாதீர்கள். முத்திரைத்தாள், கட்டணம், அடையாள அட்டை சரியாக இருந்தால் பத்திரம் பதிவாகிவிடும். நீங்கள் எந்த நாட்டில் வசிக்கிறீர்கள் என்று அங்கே கேட்பதை நான் பார்த்ததில்லை. பிறகு வங்கியில் கேட்பார்கள், அமலாக்கத்துறை கேட்கும். "கவர்ன்மெண்டே பதிஞ்சு கொடுத்துச்சே" என்று அப்போது சொன்னால் எடுபடாது.

அடுத்தது 'ஃபார்ம் பிளாட்'. வேலி போட்டு, மாங்கன்று நட்டு, ஒரு குடிசை மாதிரி கட்டிக் காட்டினால் வயல் மனையாகிவிடாது. டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) தந்த அனுமதி எண்ணையும் மனைப்பிரிவு வரைபடத்தையும் வாங்கிப் பார்த்த பிறகுதான் முன்பணம். 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. நிலம் என்ன வகை என்று சொல்லும் சிட்டாவையும் அ-பதிவேட்டையும், சர்வே எண் தெரிந்தால் இணையத்திலேயே பார்க்கலாம், பத்து நிமிட வேலை.

எனக்கு அதிகம் வலிப்பது அப்பா அம்மா எழுதும் பத்திரம். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, மகன் துபாயில். "உயிரோடு இருக்கும்போதே எழுதி வெச்சிடுறேன்" என்று தான செட்டில்மென்ட் எழுதுகிறார். குடும்பத்துக்குள் என்பதால் கட்டணமும் குறைவு, எழுதுபவரும் அதைத்தான் சொல்கிறார். ஆனால் விவசாய நிலத்தைத் தானமாகப் பெறவும் மகனுக்கு அனுமதி கிடையாது. அதே அப்பா அதே நிலத்தை உயிலாக எழுதினால் சிக்கலே இல்லை. வாரிசாக வரும் நிலத்தை வெளிநாட்டில் இருப்பவரும் வைத்துக்கொள்ளலாம். உயிலுக்கு இரண்டு சாட்சிக் கையெழுத்து கட்டாயம், பதிவு கட்டாயமில்லை. இருந்தாலும் பதிந்துவிடுங்கள். பின்னால் பங்காளிச் சண்டை வந்தால் அதுதான் கைகொடுக்கும்.

உயில் இல்லாமல் அப்பா போய்விட்டால் அலைச்சல் தாலுகா அலுவலகத்தில். வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் பட்டா மாறாது. வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.யைப் பார்க்கச் சொல்வார், ஆர்.ஐ. "மற்ற வாரிசுகள் எங்கே" என்பார், அதற்குள் உங்கள் லீவு முடிந்துவிடும். அதனால் கருமாதிக்கு எல்லோரும் ஊரில் கூடியிருக்கும்போதே கையெழுத்து, ஆதார் நகல், இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் சேர்த்து விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அது தள்ளிப்போனால் எல்லாமே தள்ளிப்போகும்.

அப்புறம் பங்கு பிரிப்பது. கனடாவில் இருக்கும் அக்கா தன் பங்கை ஊரில் இருக்கும் தம்பிக்கு விடுதலைப் பத்திரமாக எழுதலாம். துபாய்த் தம்பிக்கு எழுதினால் மறுபடி அதே தடை. விற்பதானாலும் இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்க வேண்டும். வெளிநாடு போகும் முன்பே சொந்தமாக வாங்கிய வயல் உங்களுடையதுதான், அதை யாரும் பிடுங்க முடியாது. பழைய பத்திரத்தோடு பழைய பாஸ்போர்ட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். முதல் முறை எப்போது கிளம்பினீர்கள் என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி.

"மச்சான் பேரில் வாங்கிப் போட்டுடலாம்" என்று ஒருவர் நிச்சயம் யோசனை சொல்வார். அதற்குப் பெயர் பினாமி. 2016 திருத்தத்துக்குப் பிறகு நிலம் பறிபோகலாம், 1 முதல் 7 வருடம் வரை சிறையும் உண்டு. மச்சான் மனசு மாறினால் கோர்ட்டுக்குப் போய் "என் பணம்" என்று சொல்லக்கூட வழியில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஒளிக்காமல் முன்னே போவது நல்லது. ஃபெமா மீறலுக்கு அபராதம், மீறலில் சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை போகலாம், நிலத்தையும் எடுத்துக்கொள்ளலாம். அமலாக்கத்துறை கடிதம் வரும் முன்பே ரிசர்வ் வங்கியிடம் 'காம்பவுண்டிங்', அதாவது மீறலை ஒப்புக்கொண்டு ஒரு தொகை கட்டி முடித்துக்கொள்வது, கேட்டு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் 10,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். 180 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். ஃபெமா தெரிந்த ஆடிட்டர் ஒருவரைப் பிடியுங்கள், பத்திரம் எழுதுபவரிடம் இதைக் கேட்காதீர்கள்.

சிங்கப்பூர்க்காரரும் அப்படித்தான் செய்தார். நிலம் பக்கத்து ஊர்க்காரருக்கு, போட்ட விலைக்கும் குறைவாகப் போனது. மகள் கல்யாணம் அதற்கு முன்பே வட்டிக் கடனில் முடிந்திருந்தது.