டவர் அஸ்திவாரத்தில் மேல் மேட் எதற்கு?

வீட்டு வேலை பார்த்துப் பழகிய கம்பிக்காரர்களிடம் ரேடியோ டவர் அஸ்திவாரத்தை ஒப்படைக்கும்போது மேல் மேட்டைப் பற்றி, அதாவது அஸ்திவாரத் தளத்தின் மேற்பரப்பை ஒட்டிக் கட்டும் கம்பி வலையைப் பற்றி, முதலிலேயே பேசிவிட வேண்டும். வீட்டின் சுமை எப்போதும் கீழே இறங்கும். டவரில் காற்று அடிக்கும் பக்கத்துக் கால்கள் மேலே பிடுங்கப்படும், எதிர்ப்பக்கத்துக் கால்கள் தரையில் அழுந்தும். காற்று திசை மாறினால் பிடுங்கப்படும் காலும் மாறும். ஊர்க் கொடைக்குப் போட்ட பந்தலை ஆடிக் காற்று கிளப்பும்போது எந்தப் பக்கத்துக் கால் குழியைவிட்டு எழும்புகிறது என்று பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

நம் திருநெல்வேலி மாவட்டத்தில் காற்றைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. பணகுடி, ராதாபுரம் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்பதே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான். வேகம் இரண்டு மடங்கானால் டவர்மேல் விழும் விசை நான்கு மடங்காகும். கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் சமுதாய வானொலிக்கு ஆன்டெனா உயரம் தரையிலிருந்து 30 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. "முப்பது மீட்டர்தானே, சின்ன டவர்தானே" என்று அஸ்திவாரத்தை லேசாக முடிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மொத்தக் காற்று விசை 3 டன், அது 20 மீட்டர் உயரத்தில் தள்ளுகிறது, நான்கு கால்கள் 4 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். காற்றுப் பக்கத்து இரண்டு கால்களும் ஆளுக்கு ஏழரை டன் மேல்நோக்கி இழுக்கும். டவரின் எடை இதில் கொஞ்சம் கழியும், அவ்வளவுதான்.

திசையன்விளைப் பக்கம் ஒரு சைட்டில் கீழ் மேட் மட்டும் கட்டிவிட்டுக் காங்கிரீட்டுக்குத் தயாராக நின்றார்கள். வரைபடத்தில் மேல் மேட் தெளிவாக இருந்தது. கம்பி கட்டிய பெரியவர் கைதேர்ந்தவர், கட்டு ஒவ்வொன்றும் இறுக்கமாக இருந்தது. "எடை கீழதானே சார் இறங்கும்? மேல எதுக்குக் கம்பி? வீணால்லா போவுது" என்றார். நியாயமான கேள்வி. "அண்ணாச்சி, காத்து அடிச்சா தளத்து நடுவுல டவர் கால் நிக்கிற தூண் மேல இழுக்கும். தளத்து மேல கிடக்கிற மண்ணு ஓரத்தைக் கீழ அமுக்கும். அப்ப தளம் எங்க கீறும்?" என்று கேட்டேன். உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களைக் கீழே வளைத்துப் பார்த்தார். "மேலதான் கீறும்" என்று அவரே சொன்னார். அன்று காங்கிரீட் போடவில்லை. மறுநாள் மேல் மேட் கட்டிய பிறகுதான் வண்டியைக் கூப்பிட்டோம். யாரும் அவரிடம் காரணம் சொல்லியிருக்கவில்லை, குறை அங்கேதான் இருந்தது.

மேல் மேட் கட்டினால் மட்டும் போதாது, அது மேலேயே நிற்க வேண்டும். ஆட்கள் அதன்மேல் நடந்துதான் காங்கிரீட் கொட்டுவார்கள். மேல் மேட்டைத் தாங்கி நிற்கும் நாற்காலிக் கம்பி குறைவாக இருந்தால் மேட் தொய்ந்து நடுவில் போய்க் கிடக்கும். நான் 12 மி.மீ. கம்பியில், மீட்டருக்கு ஒன்று வீதம் வைக்கச் சொல்வேன்.

அடுத்தது, டவர் கால் உட்காரும் தூணின் நெட்டுக் கம்பிகள். இழுப்பு முழுவதும் இவற்றின் வழியாகத்தான் தளத்துக்குப் போய்ச் சேரும். ஆகவே அவை கீழ் மேட் வரை இறங்கி, அங்கே எல் வடிவில் மடங்கி, மேட்டோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். கம்பி மிச்சம் பிடிக்க மேல் மேட்டிலேயே நிறுத்திவிடுவதுண்டு. எஃப்.இ. 500 ரகத்தில் 20 மி.மீ. கம்பி, எம் 25 காங்கிரீட்டில் முழு பலத்துக்கும் பிடிமானம் பெற ஏறக்குறைய 1 மீட்டர் நீளம் புதைந்திருக்க வேண்டும். ஒட்டுப்போட நேர்ந்தால் எல்லாக் கம்பிக்கும் ஒரே மட்டத்தில் போடக் கூடாது. நெட்டுக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் கொக்கி 135 டிகிரி மடங்கித் தூணின் உள்ளே நுழைய வேண்டும். டவர் காலைத் தூணோடு இறுக்கும் ஆங்கர் போல்ட் இடிக்கிறது என்று ரிங்கை வெட்டி எடுப்பதைப் பார்த்தால் அங்கேயே வேலையை நிறுத்துங்கள். கம்பிக் கூண்டு கட்டும் முன்பே போல்ட்டுகளின் இடத்தைக் காட்டும் டெம்ப்ளேட்டை வைத்துப் பார்த்தால் அந்தச் சிக்கலே வராது.

உவரி, இடிந்தகரை, கூடங்குளம் என்று கடலை ஒட்டிய இடங்களில் கம்பிக்கும் காங்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் இடையே இடைவெளி (கவர்) விட அடியில் வைக்கும் கவர் பிளாக் உயிர் போன்றது. அஸ்திவாரத்துக்குக் குறைந்தது 50 மி.மீ. கவர் வேண்டும் என்கிறது இந்தியக் காங்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456. செங்கல் துண்டையோ ஜல்லியையோ முட்டுக் கொடுத்தால் ஒருவர் ஏறி நடந்ததுமே அது நழுவிவிடும். வெட்டிப்போட்ட கம்பித் துண்டை வைப்பது இன்னும் மோசம். மண்ணில் உள்ள ஈரமும் உப்பும் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறும். துரு இரும்பைவிடப் பல மடங்கு பருத்துக் காங்கிரீட்டைப் பிளந்துவிடும். அதே தரக் கலவையில் வார்த்து, நன்றாக நீர் காட்டிய பிளாக்தான் வேண்டும். லேசான செந்துருவுக்குப் பயப்பட வேண்டாம். செதில் செதிலாக உரிகிற கம்பியைத் தேய்த்து, உள்ளே எவ்வளவு மிச்சம் என்று அளந்து பார்த்த பிறகே உள்ளே விடுங்கள்.

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்காட்டில் சிக்கல் வேறு. நிலத்தடி நீர் தளத்துக்கு மேலே ஏறினால் ஒரு கன மீட்டர் காங்கிரீட்டின் எடையில் 1 டன் குறைந்துவிடும். டவரைப் பிடித்து வைக்கும் எடை அது. கோடையில் குழி காய்ந்து கிடப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் தண்ணீர் எங்கெல்லாம் நின்றது என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டு, அதை வடிவமைப்பவரிடம் சொல்லுங்கள்.

கம்பி கட்டுபவர்களின் பாதுகாப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். தேரி எனும் செம்மணலில் வெட்டிய குழி எச்சரிக்கை தராமல் சரியும். பக்கங்களைச் சரிவாக வெட்டாமலோ பலகை முட்டுக் கொடுக்காமலோ யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. கம்பி ஒன்று 12 மீட்டர் நீளம், 25 மி.மீ. என்றால் 46 கிலோ. மேலே மின்கம்பி போகிற இடத்தில் அதைத் தூக்கி நிமிர்த்தினால் உயிருக்கே ஆபத்து, மின்வாரியத்திடம் சொல்லி லைனை நிறுத்தி வாங்குங்கள். நெட்டுக் கம்பிகளின் முனைக்குத் தொப்பி போடுங்கள், நிமிர்த்திய கூண்டை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள்.

காங்கிரீட் விழுவதற்கு முன் கூண்டை அளவு டேப்போடு படம் எடுத்து வையுங்கள், இடம் கொடுத்தவரும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மூடிய பிறகு எதையும் பார்க்க முடியாது. அப்புறம், தளத்தின்மேல் நிரப்புகிற மண்ணும் டவரைப் பிடித்து வைக்கும் எடையில் ஒரு பங்கு. ஜே.சி.பி.யால் ஒரேயடியாகத் தள்ளிவிடாமல், ஒரு அடிக்கும் குறைவான அடுக்குகளாகப் போட்டு, நனைத்து, இடித்துக் கெட்டிப்படுத்துங்கள். அது முடிந்த பிறகே டவரின் முதல் துண்டை ஏற்ற வேண்டும்.