ட்ரிப் விழுந்தால் கேத்தலைப் பாருங்கள்

போன கிழமை உப்புவெளியில் ஒரு வீடு. கறண்ட் கேத்தலைத் தொட்ட அம்மாவுக்கு ஷொக் அடித்திருக்கிறது. நல்லகாலம், காலில் செருப்பு இருந்தது. மின்பலகையைத் திறந்தேன். கறண்ட் கசிந்தால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் ட்ரிப் சுவிட்சை விலக்கிவிட்டு வயரை நேரே கொடுத்திருக்கிறார்கள்.

"ஒரே விழுந்துகொண்டிருந்தது தம்பி, ட்ரிப் பழுது எண்டு நினைச்சம்."

நடந்ததைக் கேளுங்கள். கேத்தலைப் போட்டதும் ட்ரிப் விழுந்திருக்கிறது. எர்த், அதாவது கசியும் கறண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் வயர், இல்லாத பழைய மல்டி பிளக்குக்கு மாற்றியிருக்கிறார்கள். கசிவுக்குப் போக வழி இல்லை, ட்ரிப் விழுவது நின்றுவிட்டது. பிறகு ஈரக் கையோடு தொடும்போது மட்டும் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு தரமும் அது அந்த அம்மாவின் உயிரைக் காத்திருக்கிறது! அதைத்தான் பழுதென்று கழற்றினார்கள்.

ட்ரிப் என்பது போகிற கறண்டும் திரும்பி வருகிற கறண்டும் சமமா என்று பார்க்கும் காவல். 30 மில்லி அம்பியர் வழி தவறினாலே விழ வேண்டும். "பிரேக்கர் இருக்குத்தானே" என்பார்கள். அது கறண்ட் அளவுக்கு மிஞ்சினால் மட்டும் விழும் சுவிட்ச். 2000 வாட் கேத்தல் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். ஆளைக் கொல்ல அதில் ஒரு துளி போதும், பிரேக்கருக்கு அது தெரியவே தெரியாது.

சந்தேகமென்றால் கேத்தலைக் கழற்றிவிட்டு ட்ரிப்பைத் தூக்குங்கள். விழாமல் நின்றால், கேத்தலில்தான் கோளாறு. அதைத் திரும்பச் செருகிப் பார்க்க வேண்டாம். ட்ரிப்பில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருக்கா அமத்துங்கள். விழாவிட்டால் உடனே மின்வேலை ஆளைக் கூப்பிடுங்கள்.

கழுவும்போது அடித்தட்டைத் தண்ணீரில் காட்டாதீர்கள். கடற்காற்றுப் படும் வீடுகளில் அதன் பித்தளை முனைகளில் பச்சை பிடிக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு உலர்ந்த துணியால் துடையுங்கள். உள்ளே வெள்ளை படிந்தால் தேசிக்காய்ப் புளி விட்ட தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றுங்கள், சுரண்டாதீர்கள். மூடி திறந்திருந்தால் ஆவி சுவிட்சுக்குப் போகாது, கேத்தல் தானாக நிற்காது. 5 அம்பியர் பிளக்கில் போடவே கூடாது. அப்புறம், தயவுசெய்து, வயரை மேசை விளிம்பில் தொங்கவிடாதீர்கள். தவழும் பிள்ளை அதைத்தான் பிடித்திழுக்கும்.

அந்த வீட்டுக்குப் புது ட்ரிப் போட்டேன். பழைய கேத்தலை யாருக்காவது கொடுக்கலாமா என்று அம்மா கேட்டார். அதன் வயரை வெட்டிவிட்டுத்தான் வந்தேன்.